ஒரே இலை, ஓராயிரம் கோப்பை!

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

தமிழனுக்குத் தேநீர் குடிக்கத் தெரியாது என்றொரு கருத்து படித்தவர்களிடையே உலவி வருகிறது. பாலை ஊற்றிப் பொங்க விட்டு, சர்க்கரையை அள்ளிக் கொட்டி, இஞ்சியையும் ஏலக்காயையும் தட்டிப் போட்டு நாம் குடிப்பது தேநீரே அன்றாம். அஃது ஒருவகைக் கஷாயமாம். பால் கலவாதது, சர்க்கரை தொடாதது, மெல்லிய பீங்கான் கிண்ணத்தில் மெல்லச் சுவைக்கப்படுவது எதுவோ அதுவே தேநீர் என்று இவர்கள் கூறுவர். இன்னொரு சாரார் இருக்கிறார்கள். "டீ என்றால் டீதான், அதில் என்ன வகை வேண்டிக் கிடக்கிறது?" என்று கேட்டு, கிளாசை நாலு மடக்கில் காலி செய்துவிட்டு வகுப்புக்கு ஓடுபவர்கள். இவ்விரு சாராரோடும் எனக்கு வழக்கு உண்டு. முதல் சாராரோடு சிறிய வழக்கு; இரண்டாம் சாராரோடு பெரிய வழக்கு.

வழக்காட உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். என் அம்மா கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவர். என் பாட்டி இலங்கை மலைநாட்டில் லயத்தில் பிறந்து, 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பத்தோடு கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரி வந்து சேர்ந்தவர். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அவர் விரல்கள் அறிந்த செடி ஒன்றே. ஆகவே தேயிலையைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்றே எண்ணுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. பச்சைத் தேநீர், வெள்ளைத் தேநீர், ஊலாங், கறுப்புத் தேநீர், சீனத்து யுன்னானில் வட்டமாக அழுத்தி ஆண்டுக்கணக்கில் வைத்துக் குடிக்கும் பூஅர் ஆகிய அனைத்தும் கமேலியா சைனென்சிஸ் என்ற ஒரே செடியின் இலைகள். சிறிய இலையுடைய சீன வகையும், பெரிய இலையுடைய அஸ்ஸாம் வகையும் அச்செடியின் இரு பிரிவுகள், அவ்வளவே. கடைகளில் "செம்பருத்தி டீ", "ஆவாரம்பூ டீ" என்று விற்கப்படுபவற்றில் தேயிலை இல்லை. அவை நல்ல பானங்களாக இருக்கலாம். நான் அவற்றைப் பழிக்கவில்லை. ஆனால் அவற்றுக்கும் தேயிலைக்கும் உள்ள உறவு, நீர்மோருக்கும் இளநீருக்கும் உள்ள உறவுதான்.

ஒரே செடியிலிருந்து இத்தனை வகை எப்படி வருகிறது? வாழைக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுத்துவிடும் அல்லவா? அந்த வேதியியலேதான் தேயிலையிலும் நடக்கிறது. இலை நசுங்கியதும் அதனுள் இருக்கும் நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வேலையைத் தொடங்குகிறது. பறித்த உடனே இலையைச் சூடாக்கி நொதியை அடக்கிவிட்டால் பச்சைத் தேயிலை. இதைச் சீனர்கள் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வறுத்துச் செய்கிறார்கள். ஜப்பானியர் ஆவியில் அவிக்கிறார்கள். பாதி வழியில் நிறுத்தினால் ஊலாங். முழுக்க விட்டுவிட்டால் கறுப்புத் தேயிலை. இளந்தளிரை அதிகம் தொடாமல் வாட்டி உலர்த்தினால் வெள்ளைத் தேயிலை. நம் தொழிற்சாலைகளில் இதைப் 'புளிக்க வைத்தல்' என்று சொல்வார்கள். இட்லி மாவு புளிப்பது போன்ற புளிப்பு இதில் இல்லை. அத்தகைய நுண்ணுயிர் வேலை நடப்பது பூஅர் போன்ற சிலவற்றில் மட்டுமே.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். உலக மொழிகளில் இவ்விலைக்குப் பெரும்பாலும் இரண்டே பெயர்கள்தாம். சீனத்தின் ஃபூஜியன் கடற்கரை மக்கள் 'தே' என்றார்கள். டச்சு வணிகர்கள் அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக, ஐரோப்பாவின் பெரும்பகுதி அப்பெயரைக் கற்றது. சீனத்தின் பிற பகுதிகளில் 'ச்சா' என்றார்கள். அது தரைவழியே பாரசீகம், ருசியா, வட இந்தியா என்று நடந்து 'சாய்' ஆயிற்று. தமிழில் இரண்டும் உண்டு. தேயிலை என்கிறோம், தென் மாவட்டங்களில் இசுலாமியப் பெரியவர்கள் 'சாயா' என்பதையும் கேட்கிறோம். 'தே' என்பதோடு நீரைச் சேர்த்தால் தேநீர். நம் ஊர்க் கடைப் பலகைகளோ பெருந்தன்மையோடு 'தேனீர்' என்று எழுதித் தேனையே வாக்களிக்கின்றன! தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் இதைக் கண்டு கோபம் கொள்ளாமல், கிளாசில் சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று கொள்ள வேண்டுகிறேன்.

இனி முதல் வழக்கு. 'உண்மையான தேநீர்' என்று ஒன்று உண்டா?

தேயிலையைப் பற்றிய முதல் பெருநூலை எழுதியவர் 8ஆம் நூற்றாண்டில் சீனத்தில் வாழ்ந்த லூ யூ. அவர் காலத்தில் தேயிலையை அழுத்திக் கட்டியாக்கி, சுட்டு, இடித்துப் பொடியாக்கி, கொதிக்கும் நீரில் போட்டுக் காய்ச்சினார்கள். அதில் வெங்காயத் தாள், இஞ்சி, இலந்தை, ஆரஞ்சுத் தோல், புதினா எல்லாம் போடுவது வழக்கமாக இருந்தது. லூ யூ அதைச் சாக்கடைத் தண்ணீருக்கு ஒப்பிட்டுச் சாடினார். அப்படிச் சாடியவர் தம் தேநீரில் என்ன போட்டார் தெரியுமா? ஒரு சிட்டிகை உப்பு! நம் இஞ்சித் தேநீரை இன்று பழிப்பவர்களின் வழக்கு 1,200 ஆண்டுப் பழமையானது என்பதும், அதைத் தொடங்கிய ஆசானே வெறுந்தேநீர் குடித்தவர் அல்லர் என்பதும் கருதத்தக்கவை.

இலையைக் கிண்ணத்தில் இட்டு வெந்நீர் ஊற்றி ஊறவைத்துக் குடிக்கும் முறை சீனத்தில் பரவியது அதன்பின் பல நூறு ஆண்டுகள் கழித்துத்தான். 1391இல் மிங் வமிசத்தின் முதல் பேரரசர், கட்டித் தேயிலையைத் திறையாகச் செலுத்த வேண்டாம், உதிரி இலையாகவே தரலாம் என்று ஆணையிட்டார். கட்டி செய்யக் குடிமக்கள் படும் பாட்டைக் குறைப்பதே நோக்கம். ஆக, 'தூய்மையானது' என்று இன்று நாம் வியக்கும் முறைக்குப் பின்னே இருப்பது சுவையின் ஞானம் மட்டுமன்று, உழைப்பாளியின் வேலைப்பளுவும்தான்.

சீனர் கைவிட்ட பழைய முறையை ஜப்பானியர் காத்துக்கொண்டனர். 1191இல் எய்சாய் என்ற பௌத்தத் துறவி சீனத்திலிருந்து திரும்பியபோது தேயிலை விதைகளைக் கொணர்ந்தார். பச்சைத் தேயிலையை மாவாக அரைத்து, மூங்கில் மத்தினால் நுரைக்கக் கடைந்து குடிக்கும் மாட்சா அப்போது சீனத்தில் இருந்த வழக்கமே. 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்கியூ என்பவர் இதை ஒரு வழிபாட்டைப் போல ஒழுங்குபடுத்தினார். அவர் வகுத்த தேநீர்க் குடிலுக்கு வாசல் மிகச் சிறியது. எவராயினும் குனிந்து தவழ்ந்தே நுழைய வேண்டும். போர்வீரன் வாளை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். உள்ளே ஒரே கிண்ணம் கைமாறிக் கைமாறி வரும். ஆதிக்கம் செலுத்துவோர் ஆண்ட காலத்தில், ஒரு குடிலின் வாசலைச் சிறிதாக்கி அவர்கள் தலையைத் தாழ்த்த வைத்த அந்த மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன். 1591இல் ஆட்சித் தலைவன் ஹிடேயோஷியின் ஆணையால் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள நேர்ந்தது.

திபெத்துக்கு வருவோம். காய்கறி அதிகம் விளையாத குளிர்ப் பீடபூமி. சிச்சுவானிலிருந்தும் யுன்னானிலிருந்தும் மனிதர் முதுகிலும் கோவேறு கழுதைகள் மேலும் மலையேறிய செங்கல் வடிவத் தேயிலையை மணிக்கணக்கில் காய்ச்சி, மரக்குழாயில் ஊற்றி, எருமையினத்துக் கவரிமாவின் வெண்ணெயையும் உப்பையும் சேர்த்துக் கடைகிறார்கள். இது பானமா, உணவா? இரண்டும். அந்த வெண்ணெய்த் தேநீரில் வாற்கோதுமை மாவைப் பிசைந்து உண்டுவிட்டு மேய்ப்பன் நாள் முழுதும் பனியில் நடக்கிறான். சீனத்துக்குப் போர்க்குதிரை தேவை. திபெத்துக்குத் தேயிலை தேவை. சோங் அரசர்கள் இந்தப் பண்டமாற்றை அரசு அலுவலகம் வைத்தே நடத்தினார்கள். மங்கோலியரும் பாலும் உப்பும் சேர்த்தே குடிக்கிறார்கள். காசுமீரத்து நூன் சாயிலும் உப்புதான். பச்சைத் தேயிலையைச் சோடா உப்பிட்டு வெகுநேரம் காய்ச்சி, ஆற்றி, பால் சேர்க்கும்போது அது ரோசாப்பூ நிறம் கொள்கிறது. அதே காசுமீரத்தார் விருந்தாளிக்குக் குங்குமப்பூவும் வாதுமையும் இட்ட காவா தருகிறார்கள். உப்புத் தேநீரைக் கேட்டு முகம் சுளிக்கும் நண்பர், லூ யூவின் சிட்டிகை உப்பை நினைத்துக்கொள்க.

ருசியர்கள் தேயிலையை 17ஆம் நூற்றாண்டில் அறிந்தார்கள். 1727இல் கியாக்தா உடன்படிக்கை ஏற்பட்டபின் ஒட்டகச் சாத்துகள் மாதக்கணக்கில் நடந்து தேயிலைப் பொதிகளைக் கொண்டு சேர்த்தன. சமோவார் என்னும் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். சிறு கெண்டியில் கெட்டிச் சாறு தனியே இருக்கும். அவரவருக்கு வேண்டிய சாற்றை ஊற்றி வெந்நீரால் நீர்க்கச் செய்துகொள்வார்கள். நம் கடைகளில் டிகாஷனைத் தனியே எடுத்து வைத்து 'ஸ்ட்ராங்', 'லைட்' என்று மாற்றித் தருவதும் இதே சூத்திரம் அல்லவா? ருசிய உழவர்கள் சர்க்கரையைத் தேநீரில் போடமாட்டார்கள். கட்டிச் சர்க்கரையைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு அதன் ஊடே உறிஞ்சுவார்கள். சர்க்கரை குறைவாகச் செலவாகும். ஈரானிலும் இவ்வழக்கம் உண்டு. இதைப் படித்தபோது என் பாட்டியின் உள்ளங்கை நினைவுக்கு வந்தது. அவர் இன்றும் வெறுஞ்சாயத்தைத் தம்ளரில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியை வைத்துக் கடித்துக் கடித்துத்தான் குடிக்கிறார். 'பிளேன்டி' என்பார். மலைநாட்டு லயங்களின் வழக்கம் அது. ருசியப் பனிக்காட்டு உழவனும் இலங்கை மலைக்காட்டுத் தமிழச்சியும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே சிக்கனத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மொராக்கோவில் குண்டுமணி போல் உருட்டிய சீனப் பச்சைத் தேயிலையில் கைநிறையப் புதினாவும் பெரும் கட்டிச் சர்க்கரையும் போட்டு, கெண்டியை உயரத் தூக்கிச் சின்னஞ்சிறு கண்ணாடிக் குவளையில் நுரை எழும்ப ஊற்றுகிறார்கள். ஏதோ தொன்மையான பாலைவன மரபு என்று தோன்றும். தேயிலை அங்கே எளிய மக்களிடம் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். கிரீமியப் போர்க் காலத்தில் வழக்கமான சந்தை அடைபட்டதால் ஆங்கில வணிகர் தேங்கிய சரக்கை அங்கே கொண்டுபோய்த் தள்ளியதும் ஒரு காரணம்.

துருக்கியின் கதை இன்னும் சுவையானது. காப்பியை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவர்களே துருக்கியர்தாம். முதல் உலகப் போருக்குப் பின் காப்பி விளையும் அரபு நாடுகள் கைவிட்டுப் போயின; காப்பி, விலை கொடுத்து வாங்க வேண்டிய அயல்நாட்டுப் பண்டமாயிற்று. கருங்கடலோர ரிசே மலைகளில் அரசு தேயிலை பயிரிடச் செய்தது. 1947இல் அங்கே முதல் தேயிலைத் தொழிற்சாலை எழுந்தது. இன்று தலைக்கு இத்தனை கிலோ என்று கணக்கிட்டால் உலகிலேயே மிகுதியாகத் தேநீர் குடிப்பவர்கள் துருக்கியரே. ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டின் நாக்கு மாறிவிட்டது! 'எங்கள் பழக்கத்தை மாற்ற முடியாது' என்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பின்னால் இது எனக்கு உதவும்.

மலேசியாவின் 'தே தாரிக்' பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் உறவினர்கள் கோபிப்பார்கள். தாரிக் என்றால் மலாய் மொழியில் இழுத்தல். கட்டிப்பால் சேர்த்த தேநீரை ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு உயர இழுத்து ஆற்றுவது. இது தமிழ் முசுலிம் கடைக்காரர்களின் கைவண்ணம். அக்கடைகளை 'மாமாக்' கடைகள் என்று மலேசியா முழுதும் அழைக்கிறார்கள். அச்சொல்லில் இருப்பது நம் 'மாமா'வேதான்.

இவ்வளவும் சொன்னபின் முதல் வழக்குக்குத் தீர்ப்பு எளிது. பாலுக்கும் காரணம் உண்டு. கறுப்புத் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பாலின் புரதம் பற்றிக்கொண்டு சுவையை மென்மையாக்குகிறது. அஸ்ஸாம் வகை இலையின் கடுமைக்குப் பால் ஏற்ற துணை. ஆனால் மெல்லிய பச்சைத் தேயிலையிலோ முதல் பறிப்பு டார்ஜிலிங்கிலோ பாலை ஊற்றினால் மணம் அழிந்துபோகும். ஆகவே பால் சேர்ப்பது அறியாமையும் அன்று. சேர்க்காதது அறிவும் அன்று. இலை எது என்பதைப் பொறுத்தது அது. 'இலை எது' என்று கேட்கத் தெரிந்திருக்கவேண்டும் என்பதே என் கட்சி. இரண்டாம் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

உலகின் தேயிலை உற்பத்தியில் சீனத்துக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. விளைவதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை நாமே குடித்துவிடுகிறோம். ஆயினும் நம்மில் எத்தனை பேருக்குத் தாம் குடிக்கும் தூள் எந்த மலையில் விளைந்தது என்று தெரியும்? நெல் என்றால் பொன்னி, கிச்சடிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா என்று பேசுகிறோம். மாம்பழம் என்றால் சேலமா, பங்கனபள்ளியா என்று முகர்ந்து பார்க்கிறோம். காப்பிக்கு பீபெரியா, பிளாண்டேஷனா, சிக்கரி எத்தனை பங்கு என்று அரைக்கும் கடையில் நின்று வாதிடுகிறோம். தேயிலைக்கு மட்டும் ஒரே கேள்வி: "சாயம் இறங்குமா?" காப்பி நடுத்தர வர்க்கத்தின் பானம், தேநீர் கூலிக்காரன் பானம் என்று ஒரு காலத்தில் பிரித்து வைத்தார்களே, அந்த ஏளனத்தின் எச்சம் இது என்பது என் துணிபு. உழைப்பவன் குடிப்பதற்குச் சூடும் நிறமும் போதும் என்று யாரோ முடிவு செய்தார்கள், நாமும் ஒப்புக்கொண்டோம்.

தூள் என்றால் கூட்டிப் பெருக்கிய குப்பை என்று சிலர் நினைப்பது தவறு. 1930களில் அஸ்ஸாமில் ஓர் இயந்திரம் உருவாயிற்று. பற்கள் கொண்ட இரு உருளைகளுக்கு இடையே இலையைச் செலுத்தி நசுக்கி, கிழித்து, சுருட்டும் இயந்திரம். சி.டி.சி. என்பது இம்மூன்று செயல்களின் ஆங்கில முதலெழுத்துகள். இதில் இலை சிறு மணிகளாகிறது. மணி சிறிதாகச் சிறிதாகச் சாறு விரைந்து இறங்கும்; ஒரு கிலோவில் கூடுதல் கிளாஸ் கிடைக்கும். பாய்லர் வைத்து நூற்றுக்கணக்கானோருக்கு ஊற்றும் டீ மாஸ்டருக்கு இது வரப்பிரசாதம். இதை நான் குறை கூறவில்லை. நல்ல கொழுந்திலிருந்து செய்த நல்ல சி.டி.சி. தூளும் இருக்கிறது. ஆனால் கண்டமேனிக்கு வெட்டிய முற்றிய இலையையும் இந்த இயந்திரம் ஏற்றுக்கொள்ளும், நிறமும் வரும். குடிப்பவன் நிறத்தை மட்டும் கேட்டால், கொடுப்பவன் வேறு எதைக் கொடுப்பான்? சில இடங்களில் அந்த நிறத்தையும் சாயப்பொடியால் ஏற்றிக் கலப்படம் செய்வதைச் செய்தித்தாள்களில் பார்க்கிறோம். நனைத்த வெள்ளை வடிதாளில் கொஞ்சம் தூளைத் தூவி, சிறிது நேரம் கழித்துத் தூளைத் தட்டிவிட்டுப் பாருங்கள். தாளில் பளிச்சென்ற கறைகள் பரவியிருந்தால் அது சாயம். நல்ல தூள் லேசான கறைதான் விடும்.

இதன் அடி யார் மேல் விழுகிறது? ஒரு கிலோத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பசுந்தேயிலை வேண்டும். நீலகிரியில் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு பசுந்தேயிலையைத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் விலை, குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போயிற்று என்பதைப் பொறுத்தது. நம் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. 1990களின் இறுதியில் விலை சரிந்து விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். விலை இல்லையென்றால் என்ன நடக்கும்? இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துப் பறிக்கக் கூலி கொடுக்க முடியாது. கை போய்க் கத்தரி வரும். கத்தரி வந்தால் முற்றிய இலையும் காம்பும் சேர்ந்து வரும். அதனால் தூளின் தரம் குறையும். ஏலத்தில் விலை மேலும் குறையும். இந்தச் சுழலை என் கண்முன்னே பார்த்து வளர்ந்தவன் நான். அம்மா பறிக்கும் கொழுந்தைப் பார்த்தால் விரல் நுனியில் எண்ணி எடுத்தாற்போல் இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் கத்தரியால் ஒரு மணி நேரத்தில் மூட்டை நிரம்பும். எடை போடும் இடத்தில் தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதே நீலகிரியில் இலையை முறைப்படி உருட்டிச் செய்யும் 'ஆர்த்தடாக்ஸ்' தேயிலையும் உண்டு. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. குளிர்காலத்தில் உறைபனியை ஒட்டிப் பறித்துச் செய்யும் இலைக்குத் தனி மணம். அயல்நாட்டார் தேடி வாங்குகிறார்கள். அது விளையும் மலையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் நாம் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. இருநூறு ஆண்டு வரலாற்றின் தொடர்ச்சி இது. ஆங்கிலேயர் சீனத் தேயிலைக்குக் கொடுக்க வெள்ளி போதாமல், நம் நாட்டில் அபினி விளைவித்து அங்கே விற்றார்கள். 1839இல் போரும் மூண்டது. அதே 1839இல் அஸ்ஸாம் தேயிலை இலண்டனில் முதன்முதலாக ஏலம் போயிற்று. இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார்; அடுத்து வந்த நோய் காப்பித் தோட்டங்களை அழிக்கவே, மலை முழுதும் தேயிலை ஆயிற்று. பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் போனார்கள். அவர்கள் பட்ட பாட்டைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் எழுதியிருக்கிறார். நல்ல இலை கப்பலுக்கு, மிச்சம் கூலிக்கு என்பது அன்றைய ஏற்பாடு. துரைமார் போய்விட்டார்கள். ஏற்பாட்டை மட்டும் நாம் ஏன் பத்திரமாக வைத்திருக்கிறோம்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தேநீர்க் கடை தமிழ்நாட்டின் பெரும் பள்ளிக்கூடம். செய்தித்தாள் உரக்கப் படிக்கப்பட்டதும் அரசியல் அலசப்பட்டதும் அங்கேதான். அதே கடைகளில்தான் சாதியின் பெயரால் இரட்டைக் குவளையும் இருந்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே அது குற்றம். இன்றும் சில ஊர்களில் வெவ்வேறு உருவில் தொடர்வதாகச் செய்திகள் வருகின்றன. ரிக்கியூ வாசலைச் சிறிதாக்கி அனைவரையும் குனிய வைத்தார். நாம் சிலருக்கு மட்டும் வாசலையே மூடினோம். உலகத்துத் தேநீர் வகைகளைப் பட்டியலிட்டு வியப்பவர், நம் நாட்டு 'வகை'களுள் இந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"கூலி வாங்கும் அப்பனிடம் காசு வாங்கிப் படிக்கும் நமக்கு உயர்ந்த தேயிலை கட்டுபடியாகுமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கோப்பைக்கு 2 கிராம் வைத்தால் ஒரு கிலோவில் 500 கோப்பை. சாதாரணத் தூளைவிடக் கிலோவுக்கு 200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினாலும் கோப்பைக்கு 40 காசுதான் கூடும். நல்ல இலையை இரண்டாம் முறையும் ஊறவைக்கலாம். பால் ஊற்றாமல் குடிப்பவருக்குப் பால் செலவும் மிச்சம். வணிகவியல் மாணவர்கள் என் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே கல்லூரிச் சிற்றுண்டிச் சாலைக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை பிற்பகல் இடைவேளையில், நீலகிரிக் கூட்டுறவுத் தொழிற்சாலைகளிலிருந்து நேரே வாங்கிய இலைத் தேயிலையை ஊற்றுவோம். பலகையில் அன்றைய இலையின் வகையையும் அது வந்த ஊரையும் எழுதிவைப்போம். கொதிக்கும் நீரில் மூன்று, நான்கு நிமிடம் ஊறவைத்து வடித்தால் போதும், காய்ச்ச வேண்டாம். பச்சைத் தேயிலையாயின் நீர் கொதித்து இறங்கிச் சற்று ஆறிய பிறகு ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். பாலும் சர்க்கரையும் தனியே இருக்கட்டும்; வேண்டியவர் வேண்டியபடி கலந்துகொள்ளட்டும். இஞ்சி வேண்டுபவருக்கு இஞ்சியும் உண்டு. லூ யூ வந்து தடுக்கப் போவதில்லை. வேதியியல் துறையார் மாதம் ஒருமுறை அந்த வடிதாள் சோதனையைச் செய்து பலகையிலேயே முடிவை எழுதலாம். மற்ற நாட்களில் வழக்கமான தேநீர் வழக்கம்போல் இருக்கட்டும். டீ மாஸ்டர் அண்ணனின் பிழைப்பில் கைவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. பேராசிரியர்களுக்குப் பீங்கான் கோப்பை, மாணவர்களுக்குத் தாள் குவளை என்ற ஏற்பாட்டை மட்டும் அந்த ஒரு நாளாவது மாற்றி, எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் கிளாஸ் வைக்கவேண்டும். குழு இசைந்தால் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது முதல் 2 கிலோவை நானே வாங்கி வருகிறேன். இரசீதைப் பொருளாளரிடம் கொடுத்துவிடுவேன்.